வெள்ளோட்டத்துக்கு ஒரு வீடு

“சார், இந்த வீடு மட்டும் வேண்டாமே...”

“ஏன், நாய் இருக்கா?”

“நாயெல்லாம் இல்ல சார்...”

“அப்புறம் என்ன? குலுக்கல்ல இந்த வீடுதான் வந்திருக்கு. வீட்டைப் பொறுக்கிப் பார்க்கிறவர் இந்த வேலைக்கு ஆக மாட்டார். முந்தாநாள் ஒருத்தரை அதுக்குத்தான் திருப்பி அனுப்பினேன்!” என்றார் மேற்பார்வையாளர், தெருவுக்கே கேட்கும்படி.

புதியவர் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். ஊரில் வேலையில்லாதவர்கள் கூடுகிறார்களா, குறைகிறார்களா என்று மாதாமாதம் வீடு வீடாகப் போய்க் கேட்கும் வேலை. இன்று வெள்ளோட்டம். மேற்பார்வையாளர் தலையாட்டினால் நாளையிலிருந்து சம்பளம். இல்லாவிட்டால் பழையபடி வெட்டி ஆபீசர்தான். இந்த வேலைக்கே ஊரில் அத்தனை அடிதடி!

அழைப்பு மணியை அழுத்துவதற்குள் கதவு திறந்தது. உள்ளே நின்ற பெண்மணி இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

“யாருங்க? என்ன வேணும்?”

“வணக்கம் மேடம். வேலை நிலவரக் கணக்கெடுப்பு. உங்க... உங்க வீட்டுக்காரர் எங்க போயிருக்கார்?”

“யாரோ வேலை தர்றாங்கன்னு காலையிலயே கிளம்பிப் போனார். பேட்டரி கம்பெனியை இழுத்து மூடினதுலேருந்து சும்மாதான் இருக்கார்.”

“போன வாரம் கூலிக்கு ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தாரா மேடம்?”

“எதிர்வீட்டு மோட்டாரை நாள் முழுக்க உட்கார்ந்து ரிப்பேர் பண்ணினார். காசு கொடுத்தாங்க. வேணாம்னுட்டு வந்துட்டார், பெரிய வள்ளல்!”

“எதிர்வீட்டுல போய் எப்படி மேடம் கைநீட்டி வாங்குறது?”

“யோவ்!” மேற்பார்வையாளர் முறைத்தார். “கேள்வி மட்டும் கேளுங்க. அவருக்கு நீங்க என்ன வக்கீலா?”

போச்சுடா! புதியவர் அவசரமாக அடுத்த கேள்விக்குத் தாவினார்.

“வேலை தேடினாரா மேடம்?”

“இது முக்கியம்மா” என்று குறுக்கிட்டார் மேற்பார்வையாளர். “தேடுறதையே விட்டுட்டா அவர் எங்க கணக்குல வர மாட்டார். அப்படி விட்டவங்க கூடக் கூட, ஊர்ல எல்லாருக்கும் வேலை கிடைச்ச மாதிரி தெரியும்.”

“என்ன கணக்கோ போங்க! இவர் செருப்புத் தேயத் தேடினார் சார். கிடைக்கலன்னா தன்னாலதான் குடும்பம் கஷ்டப்படுதுன்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்குவார். கம்பெனியை மூடினா இவர் என்ன பண்ணுவார்? ஒருநாள்கூட நான் அவரைக் குறைவா நினைச்சதில்ல. அவர்கிட்டச் சொன்னா நம்ப மாட்டேங்கறார். இதையும் எழுதிக்கோங்க.”

எழுதுகிறவரின் விரல் அப்படியே நின்றது. பிறகு ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு, “நன்றி மேடம்” என்றார்.

மேற்பார்வையாளர் அவரைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“நடுவுல உளறினீங்க. ஆனா அந்தம்மா மனசு திறந்து பேசுற மாதிரி கேட்டீங்க பாருங்க, அது எல்லாருக்கும் வராது. நாளைக்கே வேலையில சேர்ந்துடுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க: சொந்தக்காரங்க வீட்டுக்கு மட்டும் போயிடாதீங்க. வாயிலேருந்து உண்மையே வராது.”

மேற்பார்வையாளரின் பைக் தெருமுனை திரும்பும்வரை இருவரும் மூச்சு விடவில்லை. பிறகு அவள் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“உள்ள வாங்க! கட்டின பொண்டாட்டியையே ‘மேடம், உங்க வீட்டுக்காரர் எங்க போயிருக்கார்’னு கேட்ட முதல் ஆம்பளை நீங்கதான்!”