மணையில் உட்கார்ந்த வாள்

போருக்குப் போன ராஜா, தன் கல்யாணத்துக்குத் தன் வாளை அனுப்பிவைத்தார். அந்த வம்சத்தில் அப்படி ஒரு வழக்கம். வாளின் பக்கத்தில் பெண்ணை உட்காரவைத்து ராஜாவின் அக்கா தாலி கட்டிவிட்டால், இரண்டு நாடுகளும் சம்பந்தி ஆகிவிடும்.

மாலை போட்டுக்கொண்டு வாள் மணையில் காத்திருந்தது. பக்கத்து மணையில் கூறைப்புடவை சுற்றிய ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். புடவை கொஞ்சம் விலகியதும் வாள் எட்டிப் பார்த்தது. அங்கேயும் மாலை போட்ட ஒரு வாள் இருந்தது.

"நீ யாரு?" என்று ராஜாவின் வாள் தடுமாறியது.

"இளவரசியோட கைக்கண்ணாடி. உங்க ராஜா உங்களை அனுப்பின மாதிரி, அவங்க என்னை அனுப்பியிருக்காங்க."

"அவங்க எங்கே?"

"காலையிலேயே ஓடக்காரனோட ஆத்தைத் தாண்டிப் போயிட்டாங்க."

இரு பக்கத்து மந்திரிகளும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு, "முகூர்த்தம் தப்பிடப் போகுது, கட்டுங்கம்மா" என்றார்கள். ராஜாவின் அக்கா கண்ணாடியின் கைப்பிடியில் தாலியைக் கட்டினாள். மேளம் கொட்டியது.

தலையில் விழுந்த அட்சதையோடு வாள் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தது. கல்யாணம் நடந்துவிட்டதா, இல்லையா என்றே அதற்குத் தெரியவில்லை.

"எங்க ராஜாகிட்ட மூணு கோட்டை இருக்கு. அந்த ஓடக்காரன்கிட்ட அப்படி என்னதான் இருக்கு?"

"எனக்கும் தெரியலைங்க," என்றது கண்ணாடி. "ஆனா பொண்ணு கேக்க அவனே வந்தான்."