கோணல் கையெழுத்து

பயணக் காப்பீட்டு அதிகாரிக்கு, எதிரே உட்கார்ந்திருந்த தையல்காரம்மா மேல் சந்தேகம் விடவில்லை. தொற்றுக்காய்ச்சலால் ரத்து செய்த பயணத்துக்குப் பணம் கேட்டு, டாக்டர் சான்றிதழோடு வந்திருந்தார். அந்த மாதம் வந்த சான்றிதழ்களில் பாதி போலி.

"இந்த டாக்டர் கையெழுத்தை நான் நிறையப் பார்த்திருக்கேன்மா. முத்து முத்தா இருக்கும். இது கோழி கிளறின மாதிரி இருக்கே! யார் போட்டது?"

"அவரேதான் சார்."

"யார் காதுல பூ சுத்தறீங்க? அவரை எங்கிட்ட போன்ல பேசச் சொல்லுங்க, பார்ப்போம்."

தையல்காரம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்களையெல்லாம் பார்த்துப் பார்த்தே அவருக்கும் தொத்திக்கிச்சு சார். எனக்கு அடுத்த கட்டில்லதான் கிடந்தார். 'உன் பணம் வீணாப் போகக் கூடாதும்மா'ன்னு, ட்ரிப்ஸ் ஏறுற கையாலயே போட்டுக் கொடுத்தார். மறுநாள் காலைல அந்தக் கட்டில் காலியா இருந்துச்சு."