தரை தாங்கும் எடை

இந்தக் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு விளக்கு உண்டு. தரைக்குப் பாரம் கூடினால் மஞ்சளாகும். சிவப்பானால் வீட்டிலிருந்து ஓர் ஆள் வெளியேற வேண்டும். எதிர்வீட்டுக்காரர்கள் மூத்த மகனை எங்கோ ஒரு விடுதியில் விட்டுவிட்டு வந்தார்கள்.

ரேணுகாவின் வீட்டில் பீரோ போயிற்று, கிரைண்டர் போயிற்று, கல்யாணத்துக்கு வந்த கட்டிலும் போயிற்று. கணவன் முருகவேல் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிட்டான். அப்படியும் விளக்கு மஞ்சளிலேயே நின்றது. மகள் மகிழினி வளர்ந்துகொண்டிருந்தாள்.

"பொண்ணு நல்லா வளந்துட்டாளே!" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

ரேணுகா அவசரமாகக் குரலைத் தாழ்த்தினாள். "அப்படிச் சொல்லாதீங்கக்கா."

அன்று இரவு மகிழினி தட்டை நீட்டினாள். "இன்னொரு தோசைம்மா."

ரேணுகா விளக்கைப் பார்த்தாள். "மாவு தீந்துடுச்சு கண்ணு."

தட்டைக் கழுவச் சமையலறைக்குப் போன மகிழினி, மேடைமேல் பாதிக்குமேல் மாவு இருந்த பாத்திரத்தைப் பார்த்தாள். சத்தம் வராமல் அதை மூடி வைத்தாள்.

"ஆமாம்மா, தீந்துடுச்சு" என்றாள் அங்கிருந்தே. "நாளைக்கு எனக்கு ஒண்ணு போதும்."