சுருட்டை வேண்டாம்

"அவன் கையில பந்தைக் கொடுக்கறதும் ஒண்ணுதான், கிணத்துல போடறதும் ஒண்ணுதான்," என்றார் சர்வேயர்.

சலூன் பெஞ்சில் சுவரில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தார். நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியும் அந்த முதுகு மட்டும் வளையவே இல்லை.

நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தவர் கூடைப்பந்து அணியின் கோச். சீசன் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவர் சவரத்துக்கு வருவார். அவர் காதில் விழும்படி ரசிகர்கள் அணியைப் பற்றி அடித்துக்கொள்வார்கள். கத்தி கன்னத்தில் இருக்கும்வரை அவரால் வாய் திறக்க முடியாது என்பது அவர்களுக்கு வசதி.

பதினொரு பேர் முடிவாகிவிட்டார்கள். பன்னிரண்டாவது இடத்துக்கு நெட்டை, சுருட்டை என்று இரண்டு பையன்கள் போட்டி. இடம் கிடைப்பவனுக்கு, அணியை நடத்தும் ஆலையிலேயே வேலையும் கிடைக்கும்.

"கேப்டனுக்கு முழங்கால் போச்சு. ரெண்டு சீனியர் வேற டீமுக்குத் தாவியாச்சு. கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதை," என்றார் பேக்கரிக்காரர். "நமக்கு இப்ப வேகம் வேணும். சுருட்டையை எடுத்தா பொழைச்சோம். பயிற்சி ஆட்டத்துல மூணு பேரை ஏமாத்திட்டு உள்ள போனானே, பாத்தீங்களா சார்?"

"பாத்தேன். மூணு பேரை ஏமாத்தினான். அப்புறம் கூடையையும் ஏமாத்திட்டான். பந்து வளையத்துல பட்டு வெளியில வந்துச்சு."

நெட்டையின் ஆளான வேன் டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படிச் சொல்லுங்க சார்! நம்ம நெட்டை கையைத் தூக்கினாலே கூடை எட்டிடும்."

"கொக்குக்கும்தான் கழுத்து நீளம். ஆனா நெட்டைக்கு நிக்கவாவது தெரியும். இந்தச் சுருட்டைக்கு இடது கைன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. சறுக்கி விழுந்துட்டு தரை சரியில்லைங்கறான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

"சின்னப் பையன் சார். முளைச்சு மூணு இலை விடல," என்றார் பேக்கரிக்காரர்.

"விடட்டும். அதுவரைக்கும் அவனை பெஞ்சுல உட்கார வச்சாக்கூட பெஞ்சுக்குத்தான் கேவலம்."

நுரைக்கு அடியில் கோச்சின் தாடை அசைந்தது. "ஆடாதீங்கண்ணே, வெட்டிரும்," என்றார் சவரக்காரர்.

சர்வேயருக்கும் கோச்சுக்கும் எப்போதும் ஆகாது. கோச் ஆட்டக்காரராக இருந்த காலத்தில் அவருக்குக் 'காத்துப்போன பந்து' என்று பெயர் வைத்ததே சர்வேயர்தான்.

"உங்க வாய் முகூர்த்தம் தெரியாதா?" என்றார் பேக்கரிக்காரர். "போன வருஷம் ஒரே ஒரு பையனைப் புகழ்ந்தீங்க. அவன் இப்ப சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டறான்."

"ஒழுங்கா ஒட்டறானா?"

"ஒட்டறான்."

"அப்ப நான் புகழ்ந்ததுல தப்பில்ல."

சலூனே சிரித்தது. அந்த உற்சாகத்தில் வேன் டிரைவர் ஒரு படி மேலே போனார். "சுருட்டை வீட்டுல கண்டிக்க ஆளே இல்ல சார். அப்பன் போய்ச் சேர்ந்துட்டான். அம்மாக்காரி செல்லம் கொடுத்துக் கெடுத்திருப்பா. வளர்ப்பே..."

"ஏய்!" சர்வேயர் அதட்டினார்.

கோச்சின் கன்னத்தில் ஓடிய கத்தி நின்றது.

"ஆட்டத்தைப் பேசு. வீட்டுப் பொம்பளையை எதுக்கு நடுவுல இழுக்கறே? மரியாதை கெட்டுடும்."

சர்வேயர் சட்டைக் கையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "சுருட்டையை எடுத்தா இந்த டீமுக்கு ஒரு பூட்டு வாங்கிப் பூட்டிடலாம். கொஞ்சமாவது ஆட்டம் தெரிஞ்ச எவனும் அவனை எடுக்க மாட்டான்."

சவரம் முடிந்து கோச் எழுந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சர்வேயருக்கு எதிரே வந்து நின்றார்.

"பேசி முடிச்சிட்டீங்களா சார்?"

"உண்மையைப் பேசறவனுக்கு முடிவு ஏது?"

"அப்ப என் முடிவையும் கேட்டுக்கங்க. இந்த நாற்காலியில உட்காரும்போது நெட்டைதான் என் மனசுல இருந்தான். இப்ப சொல்றேன், சுருட்டைதான் பன்னிரண்டாவது ஆள். ஆலை ஆபீசுக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லிடறேன்."

சொன்னபடியே போனை எடுத்து, எல்லோர் முன்னாலும் சொல்லி முடித்தார். பிறகு சர்வேயரைப் பார்த்துச் சிரித்தார். "சீசன் முழுக்க அவன் ஆடறதை நீங்க உட்கார்ந்து பாக்கணும். அதான் உங்களுக்கு நான் கொடுக்கற தண்டனை."

பேக்கரிக்காரர் கை தட்டினார். வேன் டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"விதி," என்றார் சர்வேயர். "இந்த டீமு உருப்பட்ட மாதிரிதான்." செருப்பை மாட்டிக்கொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தார்.

தெரு முனை திரும்பியதும் நின்றிருந்த ஒரு லாரியின் மறைவில் ஒதுங்கினார். போனை எடுத்தார். பெயர் போட்டு வைக்காத எண். இதுவரை ஒரு தடவைகூட அழைத்ததில்லை. ஆனாலும் விரல் தடுமாறவில்லை.

"யாருங்க பேசறது?" என்றது ஒரு பெண் குரல்.

சலூனில் முழங்கிய குரலைச் சர்வேயர் தாழ்த்திக்கொண்டார்.

"அப்பாதாம்மா பேசறேன்... என் பேரனை எடுத்துட்டாங்க."