இலையின் மறுபக்கம்

“வேற நாளே கிடைக்கலையாம்மா? இன்னிக்கா மாட்டுக்கறி?”

கேட்ட மகள் லாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பி கியெம், கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணை முதல்முறையாக மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து வருகிறான். அம்மாவோ மாட்டுக்கறியைக் கொத்தி, எலுமிச்சைப்புல்லும் பூண்டும் போட்டுப் பிசைந்து, வெற்றிலை மாதிரியான லொட் இலையில் சுருட்டிக்கொண்டிருக்கிறாள்.

“என் பையனுக்குப் பிடிச்சதைத்தான் செய்வேன்.”

“தோவா சாம் இனத்துப் பொண்ணும்மா! அவங்க வீட்ல மாட்டுக்கறியைத் தொடவே மாட்டாங்க.”

“இந்த ஃபான் ராங் ஊர்லயே பொறந்து வளர்ந்தவடி நான். சாம்காரங்களைப் பத்தி எனக்கே பாடமா?”

ஆக, தெரிந்தேதான் செய்கிறாள்! ‘நம்ம ஜனத்துல பொண்ணே இல்லையா?’ என்று ஆரம்பத்திலிருந்தே முரண்டு பிடித்தவள், வேறென்ன செய்வாள்?

“தோவா மனசு நொந்தா, நான் அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்க்கா” என்று கியெம் போனில் சொல்லியிருந்தான். அம்மா கேட்டால்தானே.

போதாக்குறைக்கு, மஞ்சள் மசாலா போட்டு ஒரே நிறத்தில் இரண்டு கிண்ணம் கொத்துக்கறி. இரண்டு கரி அடுப்பு வேறு.

“நாலு பேருக்கு எதுக்கும்மா ரெண்டு அடுப்பு?”

“சொன்னதைச் செய். வாய் ஓயாதா உனக்கு?”

சரி, சுருட்டுகிற லட்சணமாவது உண்டா? பாதி இலைகளில் மினுமினுப்பான பக்கம் உள்ளே போய், நரம்பு தெரியும் பக்கம் வெளியே இருந்தது. சின்ன வயதில் லாய் அப்படிச் சுருட்டியதற்கு, “சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு கல்யாணத்துக்குப் போவியா?” என்று முதுகில் ஒன்று வைத்தவள் இதே அம்மாதான்.

‘கண்ணும் போச்சு. சொன்னா ஒத்துக்கவா போறா?’

அம்மா குளிக்கப் போனதும் லாய் வேலையில் இறங்கினாள். திருப்பிச் சுருட்டியதையெல்லாம் பிரித்து, மினுமினுப்பு வெளியே தெரிய அழகாகச் சுருட்டினாள். ஒரு அடுப்பை அணைத்துவிட்டு, எல்லாவற்றையும் இன்னொன்றிலேயே வாட்டி ஒரே தட்டில் அடுக்கினாள். வருகிறவள் சாப்பிடாவிட்டாலும், பார்த்துச் சிரிக்காமலாவது இருக்கட்டும்.

பாவம், அந்தப் பெண் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டாமே என்று இரண்டு முட்டையும் பொரித்து வைத்தாள். இந்த வீட்டில் ஒருத்திக்காவது மனசாட்சி இருக்கிறதே!

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. கியெமின் குரலும், கூடவே கூச்சத்துடன் ஒரு பெண் குரலும் கேட்டன.

புதுச் சட்டை போட்டுக்கொண்டு அவசரமாக வந்த அம்மா, தட்டைப் பார்த்து நின்றாள்.

“திருப்பிச் சுருட்டி வெச்சதெல்லாம் எங்கடி?”

“எல்லாத்தையும் சரி பண்ணி, சேர்த்தே சுட்டுட்டேன். கண்ணு தெரியாம நீ பண்ணின கூத்துக்கு, மானமே போயிருக்கும்!”

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அடிப்பாவி! அடையாளத்துக்குத்தான்டி திருப்பிச் சுருட்டினேன். அதெல்லாம் அந்தப் பொண்ணுக்காகத் தேடி வாங்கின ஆட்டுக்கறிடி!”