பேனர் போட்ட நிழல்

சித்திரை வெயிலுக்கு ஒரு தெருமுனையில் சேவை மன்றத்தார் ஐந்து பேர் நீர்மோர்ப் பந்தல் வைக்கக் கிளம்பினார்கள். வசூலானது இரண்டாயிரம் ரூபாய். அதில் ஆயிரத்து இருநூறைப் பேனரே விழுங்கிவிட்டது. பந்தலுக்குக் கீற்று போட ஐந்நூறு எடுத்து வைத்தார்கள். மிச்சம் முந்நூறில்தான் தயிர்.

மோர்ப்பானைக்கு வயிறு எரிந்தது. "ஏண்டா பேனரு, உன் மூஞ்சிக்கு ஆயிரத்து இருநூறு, என் வயித்துக்கு முந்நூறா? இது எந்த ஊரு நியாயம்? நாளைக்கு மத்தியானமே தயிர் தீர்ந்துடும். அப்புறம் தாகத்தோட வர்றவங்க உன்னை நக்கிட்டுப் போவாங்களா?"

"நான் இல்லேன்னா இங்கே மோர் ஊத்துறாங்கன்னு யாருக்குத் தெரியும்க்கா?" என்றது பேனர்.

"உங்கிட்ட அஞ்சு மூஞ்சிதான் இருக்கு. மோருன்னு ஒரு வார்த்தை இருக்கா? படி பார்ப்போம்!"

பேனர் தன்னையே மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்தது. இல்லை.

மறுநாள் காலையில் கீற்று வாங்க மன்றத்தின் பொருளாளர் கிளம்பியபோது, காற்றடித்த சாக்கில் பேனர் தன் கட்டுக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, பந்தலுக்கு நட்டிருந்த நான்கு மூங்கில் கால்களின் மேலே மல்லாந்து படுத்துவிட்டது. அண்ணாந்து பார்த்த பொருளாளர் அந்த ஐந்நூறோடு தயிர்க்காரரிடம் ஓடினார்.

நிழலில் பானை நிறைந்தது. ஆனாலும் அதற்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மூஞ்சியெல்லாம் வானத்தைப் பார்க்குதே, இனிமே அதை யாருடா பார்ப்பா?"

"காக்கா பார்க்குதுக்கா," என்றது பேனர். "பார்த்ததுக்கு மன்றத் தலைவர் நெத்தியில கையெழுத்தும் போட்டுட்டுப் போகுது."