கஞ்சாவுக்கு நேரே ஒரு கோடு

எனக்கும் அண்ணனுக்கும் காதுக்குள் யாரோ பேசுகிறார்கள். ஒரே நாளில்தான் மனநல டாக்டரிடம் அம்மா கூட்டிப்போனாள். "கஞ்சா அடிப்பியாப்பா? மறைக்காமச் சொல்லு" என்று டாக்டர் அண்ணனை மூன்று முறை கேட்டார். என்னிடம், "மாசாமாசம் சரியா வருதாம்மா? வரன் பாக்குறாங்களா?" என்றார். என் கேஸ் தாளில் கஞ்சாவுக்கு நேரே, நான் உட்காருமுன்பே 'இல்லை' என்று கோடு இழுத்திருந்தது.

"அதை ஏன் சார் என்கிட்ட கேக்கல?"

"பொம்பளப் பிள்ளைகிட்ட அதெல்லாமா கேப்பாங்க?" என்று அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

பேனாவைப் பிடுங்கி, தாள் கிழியும்வரை அந்தக் கோட்டை அடித்தேன். "இவனுக்குச் சுருட்டக் கத்துக்கொடுத்ததே நான்தான்!"

அண்ணன் தலை குனிந்துகொண்டான். டாக்டர் புதுத் தாள் எடுத்தார். அதே இடத்தில் மறுபடி கோடு இழுத்தார். கீழே எழுதினார்: 'இல்லாததைச் சொல்கிறாள். மாத்திரையைக் கூட்டவும்.'